தலையைப் பார்த்து வாங்குகிறோம், காம்பைப் பார்க்கிறோமா?

இரும்புச் சாமான், ஹார்டுவேர், விளையாட்டுப் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் விற்பவர்கள் நமது சங்கத்தில் பலர் உண்டு. நாங்களும் அந்த வகைதான். கீழே சுத்தியல், மண்வெட்டி, கட்டிங் பிளேயர். மாடியில் கிரிக்கெட் மட்டை, ஷட்டில் ராக்கெட், கேரம் போர்டு. கீழ்ச் சரக்குக்கும் மேல்ச் சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களை யாராவது கேட்டிருந்தால், வாடகை மிச்சம் என்றுதான் பதில் சொல்லியிருப்போம். இரண்டுக்கும் பொதுவாகக் கைப்பிடி என்று ஒன்று இருப்பது நெடுநாள் வரை எங்கள் புத்தியில் ஏறவில்லை. வாடிக்கையாளரின் கை படுவது அதில்தான். கொள்முதல் செய்யும்போது நாம் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

எங்களுக்கு அது புரிந்த விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. இருந்தாலும் சக வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பழைய வீடு ஒன்றை இடிக்கும் வேலைக்காக, எங்களிடம் பல வருடங்களாகச் சாமான் வாங்கும் மேஸ்திரி ஒருவர் வந்து 8 பவுண்டு சம்மட்டி இரண்டு வாங்கினார். தலை நல்ல கம்பெனித் தலை. காம்பு நாங்கள் தனியே மொத்தமாக வாங்கி வைத்திருந்த சரக்கு. கடைப் பையன் காம்பைச் செருகி, ஆப்பு அடித்து, கையில் கொடுத்தான். மூன்றாம் நாள் மதியம் வீச்சின் நடுவே ஒரு சம்மட்டியின் தலை கழன்று பறந்தது. பத்தடி தள்ளிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சித்தாள் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிவு. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த அம்மாளால் வேலைக்குப் போக முடியவில்லை.

மேஸ்திரி சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலை காம்பை மட்டும் எடுத்து வந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, ஆப்பு நாங்க அடிக்கல. உங்க கடைலதான் அடிச்சது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் அந்த இரண்டு மாதக் கூலியையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பணம் போனதைவிட, அந்தக் காம்பைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பட்ட வெட்கம்தான் பெரிது. துளைக்குள் இருந்த பகுதி சுருங்கி, ஆப்பு தானாகவே ஆடியது. கடையை விட்டுப் போனபோது இறுக்கமாக இருந்த காம்பு, சித்திரை வெயிலில் மூன்றே நாளில் தளர்ந்துவிட்டது.

காம்பை அனுப்பிய மொத்த வியாபாரியிடம் போனில் சொன்னோம். "மரம்னா சுருங்கத்தான் செய்யும், நாங்க என்ன செய்ய" என்றார். அவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. குற்றத்தில் பாதி எங்களுடையது. வழக்கமான கருவேலங்காம்பைவிட ஒரு காம்புக்கு எட்டு ரூபாய் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் 200 காம்பு இறக்கியவர்கள் நாங்கள்தானே!

மரத்தைப் பார்க்கும் கண்

வந்தது பச்சைத் தைலமரம். தைலமரம் காயும்போது அதிகம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். காய்ந்த பிறகு கடைந்திருந்தால் ஓரளவு உழைத்திருக்கும். வெட்டிய ஈரத்தோடு கடைந்து, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்து அனுப்பிவிட்டார்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் காம்புக்குக் கருவேலத்தையும் புளியையும் தேடிப் போனது சும்மா இல்லை. வைரம் பாய்ந்த கருவேலம் அடியைத் தாங்கும், எளிதில் பிளக்காது. வண்டிச் சக்கரத்துக்கே அதைத்தானே பயன்படுத்தினார்கள். வட இந்தியச் சரக்கில் சீஷம் வரும். அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ் என்று அந்தந்த நாட்டில் அதிர்ச்சி தாங்கும் மரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 'குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்பு' என்று திட்டுகிறோமே தவிர, அந்தக் காம்புக்கு எந்த மரம் ஆகும் என்று இன்று கடையில் நிற்கும் பையனிடம் கேட்டால் விழிக்கிறான்.

மரம் ஈரமா, காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வந்த கட்டிலிருந்து ஐந்து காம்பை உருவி, எடை போட்டு, எடையைக் காம்பிலேயே பென்சிலால் எழுதி, பரணில் பத்து நாள் போட்டு வையுங்கள். மறுபடி எடை போடும்போது கணிசமாகக் குறைந்திருந்தால் நீங்கள் வாங்கியது மரம் பாதி, தண்ணீர் பாதி. இப்போது இரண்டு ஊசி முனையுள்ள ஈரமானி கடையிலேயே கிடைக்கிறது. ஊசியை மரத்தில் அழுத்தினால் ஈரம் எத்தனை விழுக்காடு என்று காட்டும். 12-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 20-க்கு மேல் போனால் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம். நாங்கள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அதைக் கையில் எடுப்பதைப் பார்த்தாலே சரக்கு இறக்க வந்தவர் பேச்சின் சுருதி மாறுகிறது!

அடுத்து இழை ஓட்டம். காம்பைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மரத்தின் கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். தலைக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள் கணு இருந்தால் அதை விற்கக் கூடாது. விறகாகத்தான் ஆகும். கெட்டியான வார்னிஷ் இருந்தால் கோடே தெரியாது. அதனால்தான் நாங்கள் இப்போது வார்னிஷ் அடித்த காம்பை வாங்குவதில்லை. வார்னிஷ் கையில் கொப்புளமும் போடும். இழைத்துத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் தடவிய காம்பு பார்வைக்கு மங்கலாக இருக்கும், கைக்கு இதமாக இருக்கும். வாடிக்கையாளர் பளபளப்பைக் கேட்கிறார் என்று சொல்வார்கள். ஒரு தடவை இரண்டையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

காம்பு தளர்ந்தால் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நாங்களே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது தவறு. ஊறிய மரம் உப்பப் பார்க்கும். துளையைச் சுற்றி இரும்பு இருப்பதால் உப்ப இடம் இருக்காது. உள்ளேயே நார் நசுங்கிவிடும். காய்ந்ததும் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துப் போகும். இன்று இறுகினது போலத் தெரிந்து அடுத்த வாரம் இன்னும் மோசமாக ஆடும். சரியான வைத்தியம் புது ஆப்புதான். மர ஆப்பை முதலில் அடித்து, அதன் குறுக்கே சிறிய இரும்பு ஆப்பை இறக்க வேண்டும். அதற்கும் முன்னால், தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிப்பக்கத்தை மரச்சுத்தியால் தட்டினால் தலை தானாக ஏறி உட்காரும். எங்கள் பையனுக்கு இது தெரியாது. தெரியாததற்கு அவனைச் சொல்லிப் பயனில்லை, நாங்கள் சொல்லித் தரவில்லை.

பிக்காஸைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். அதன் துளை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். காம்பின் பெருத்த முனை மேலே இருக்கும். வீச வீச, தலை அந்தப் பெருத்த முனையில் போய் இறுகும். கழன்று பறக்க வழியில்லை. சுத்தியலும் சம்மட்டியும் அப்படி அல்ல. அவை ஆப்பை மட்டுமே நம்பி இருப்பவை. ஆகவே காம்பு மாற்றிக் கொடுக்கும் வேலையில் சம்மட்டிக்குக் காட்ட வேண்டிய கவனம் தனி.

கைக்கு எவ்வளவு பருமன்

சம்மட்டி விஷயத்துக்குப் பிறகு கைப்பிடியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தோம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 2004-இல் வெளியிட்ட ஒரு கையேடு, மின்சாரம் இல்லாத கைக்கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்காகவே எழுதப்பட்டது. முழுக் கையால் இறுகப் பிடிக்கும் கருவிக்குப் பிடியின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரை இருக்க வேண்டும் என்கிறது அது. விரல் நுனியால் பிடித்து நுணுக்கமாகச் செய்யும் வேலைக்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை. பிடியின் நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிடக் கூடுதலாக, 4 முதல் 6 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிடியின் முனை உள்ளங்கை நடுவில் குத்தும்.

கடையில் விட்டம் அளக்க யாரிடமும் கருவி இருக்காது. நூல் போதும். ஒரு சுற்றுச் சுற்றி அளந்தால் 4 அங்குலத்துக்கும் ஆறேகால் அங்குலத்துக்கும் இடையில் வர வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், வாங்குபவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் வந்து ஆட்காட்டி விரலின் நுனியைத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி விழுந்தால் அந்தக் கைக்கு அது பருமன். நாள் முழுதும் பிடித்தால் முழங்கை வரை வலிக்கும்.

இங்கே ஒரு சங்கதி. நம் கடையில் விற்கும் களைக்கொத்து, சிறு மண்வெட்டி, கொத்தனார் கரண்டி ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எத்தனை பேர் பெண்கள்? வயல் களை எடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பிடிகள் மட்டும் ஆண் கைக்கு அளவெடுத்தவை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய விவசாயத் தொழிலாளர்களின் கை, கால், உயரம், பலம் எல்லாவற்றையும் அளந்து 2009-இல் பெரிய நூலாகவே வெளியிட்டது. ஆண், பெண் இருவரின் அளவுகளும் தனித்தனியாக அதில் உண்டு. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் ஆராய்ச்சி நடத்திய மையங்களில் ஒன்று. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அளவும் இருக்கிறது. ஆனால் பட்டறையிலிருந்து நமக்கு வரும் சரக்கில் அது தெரிவதில்லை.

நாங்கள் ஒரு சோதனை செய்தோம். பக்கத்து ஊர்த் தச்சரிடம் சொல்லி, களைக்கொத்துக்கு வழக்கத்தைவிட மெலிந்த பிடி ஐம்பது செய்து வாங்கினோம். நூலால் சுற்றினால் நாலேகால் அங்குலம். பழைய பிடியையும் புதியதையும் அருகருகே வைத்தோம். விலையில் இரண்டு ரூபாய் கூடுதல். வந்த பெண்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே இரண்டையும் எடுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஐம்பதும் இருபது நாளில் தீர்ந்தன. "இத ஏன் அண்ணாச்சி இவ்வளவு நாளு வைக்கல?" என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

திருப்புளியில் விஷயம் தலைகீழ். முனை ஒன்றுதான், ஆனால் பிடி பருத்திருந்தால் அதே கையின் பலத்துக்கு இறுகின திருகும் கழலும். ரேடியோ, செல்போன் ரிப்பேர்க்காரருக்குப் பென்சில் போன்ற மெல்லிய பிடி. மோட்டார் மெக்கானிக்குக் கை நிறையும் பிடி. "ஸ்குரூ டிரைவர் ஒன்று" என்று கேட்பவரிடம் "எதுக்குங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சரியான சரக்கு போய்ச் சேரும், திரும்பி வராது.

மாடிச் சரக்கு

விளையாட்டுச் சாமான் பக்கம் போனால், பிடியின் அளவை எண் போட்டே விற்கிறார்கள். டென்னிஸ் ராக்கெட்டின் பிடிச் சுற்றளவு 4 அங்குலத்தில் தொடங்கி அரைக்கால் அங்குலமாக ஏறி நாலே ஐந்தரைக்கால் அங்குலம் வரை, அதாவது 4⅝ வரை வரும். இதற்கு 0 முதல் 5 வரை எண். சம்மட்டிக் காம்புக்கு நூலால் அளந்தோமே, அதே கணக்குக்குள்தான் இதுவும் விழுகிறது. சம்மட்டியோ ராக்கெட்டோ, பிடிக்கிற கை மனிதக் கைதானே!

டென்னிஸில் எண் ஏற ஏறப் பிடி பருக்கும். ஷட்டிலில் ஜி4, ஜி5 என்று போட்டு வரும் ராக்கெட்டில் எண் ஏற ஏறப் பிடி மெலியும். ஜி5, ஜி4-ஐவிட மெல்லியது. இது தெரியாமல் "பெரிய கை சார், ஜி5 எடுத்துக்கோங்க" என்று நாங்களே விற்றிருக்கிறோம். ஷட்டில் விரலால் ஆடும் ஆட்டம் என்பதால் பொதுவாகவே மெல்லிய பிடியை விரும்புகிறார்கள். சந்தேகம் வந்தால் மெல்லியதைக் கொடுங்கள். மேலே ஓவர்கிரிப் சுற்றிப் பருக்க வைக்கலாம், பருத்ததைச் செதுக்க முடியாது. டென்னிஸ் பிடிக்குச் சோதனை: பிடித்த கையின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறியது, தாராளமாக ஆடினால் பெரியது.

ஓவர்கிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெக்கையில் உள்ளங்கை வியர்க்காத ஆட்டக்காரர் இல்லை. பிசுபிசுப்பான வகை ஒன்று, வியர்வையை உறிஞ்சும் உலர்ந்த வகை ஒன்று, துண்டுத் துணி போன்ற வகை ஒன்று. மூன்றையும் வைத்திருக்கும் கடைக்கு ஆட்டக்காரர் மாதாமாதம் வருவார். ராக்கெட் வாங்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். சுற்றிக் கொடுக்கத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் இன்னும் விசேஷம். டேபிள் டென்னிஸ் மட்டையில் நேர்ப்பிடி, அடி விரிந்த பிடி, பேனாப் பிடி என்று வகை உண்டு. அது கேட்டு வாங்குபவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

கிரிக்கெட் மட்டையின் பிடி தனிக் கதை. ஆரம்ப காலத்தில் மட்டையும் பிடியும் ஒரே மரம். வேகமான பந்து பட்டால் அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கு வரும். 1880-களில் இங்கிலாந்தில் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற பொறியாளர், பிரம்புப் பிடியை 'வி' வடிவத்தில் செதுக்கி மட்டைக்குள் இறக்கி ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். இவர் செவர்ன் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்ட வேலையின் தலைமைப் பொறியாளர். சுரங்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1886-இல். பல மைல் சுரங்கம் போட்ட மனிதரின் மூளை ஒரு சாண் மட்டைப் பிடியிலும் வேலை செய்திருக்கிறது. இன்று வரை அந்த முறைதான். பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பரோ கார்க்கோ வைத்து ஒட்டி, மேலே நூல் சுற்றி, அதன் மேல் ரப்பர் உறை. அந்த ரப்பர் பட்டைதான் அதிர்ச்சியைக் குடிக்கிறது.

மீரட், ஜலந்தர் பட்டியல்களில் 'சிங்கப்பூர் கேன்' என்று பார்த்திருப்பீர்கள். தென்கிழக்காசியப் பிரம்புக்கு நம் வியாபாரத்தில் அதுதான் பெயர். ஒன்பது துண்டு, பன்னிரண்டு துண்டு என்றால் பிடிக்குள் எத்தனை பிரம்புத் துண்டு ஒட்டியிருக்கிறது என்று கணக்கு. 2017-இல் வந்த கிரிக்கெட் விதித்தொகுப்பின் 5-ஆவது விதி, பிடி பெரும்பாலும் பிரம்பாலோ மரத்தாலோ ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது. மட்டையின் மொத்த நீளத்தில் பிடி 52 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மொத்த நீளம் 38 அங்குலத்துக்குள். லீக் மேட்ச் ஆடும் பையன் கேட்டால் இதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெருவில் டென்னிஸ் பந்து ஆடும் பிள்ளைகளுக்கான மலிவு மட்டையில் பிரம்பு என்று சொல்லி வேறு ஏதோ மரம் வரும். ரப்பர் உறைக்குள் மறைந்திருப்பதால் தெரியாது. பிடியை இரண்டு கையாலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், பிரம்பு கொஞ்சம் கொடுக்கும், கட்டை கொடுக்காது. மட்டையைச் சேர்க்கும் இடத்தில் ஒட்டு விரிசல் இருக்கிறதா என்று உறையை இரண்டு அங்குலம் சுருட்டிப் பார்த்தே நாங்கள் இறக்குகிறோம். பழைய உறையைக் கழற்றிப் புதியது போட, கூம்பு வடிவ மரக் கருவி ஒன்று கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. ரப்பர் உறையின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறோம். பரீட்சை முடிந்த மாதங்களில் மாடியில் வரிசையே நிற்கிறது.

ஏமாற்றும் பிடிகள்

இந்தப் பகுதியைச் சக வியாபாரிகள் தயவுசெய்து இருமுறை படிக்க வேண்டும். கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பி.வி.சி. உறை இருக்கும். "ஷாக் அடிக்காது சார்" என்று சொல்லி விற்பது நம் தொழிலில் சாதாரணம். அந்த உறை கை வழுக்காமல் இருக்கப் போட்டது, மின்சாரத்தைத் தடுக்கப் போட்டது அல்ல. மின்சாரம் ஓடும் கம்பியில் வேலை செய்யத் தகுந்த கருவிக்கு ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அந்தக் கருவியின் மேல் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அந்தக் குறி இல்லாத பிளேயரைப் பற்றி நாம் வாயைத் திறந்து எந்த உறுதியும் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஓடுவது 230 வோல்ட், ஆளைக் கொல்ல அது தாராளம். குறி உள்ளதையும் குறி இல்லாததையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, எலக்ட்ரீஷியன் வந்தால் முதலாவதை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். விலை கூடத்தான் இருக்கும். உறை கிழிந்த பிறகு அதுவும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கல்லையும் கம்பியையும் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர். பெட்டிக்குள் பக்கவாட்டுப் பிடி ஒன்று தனியாகக் கிடக்கும். வாங்குபவர்கள் பாதிப் பேர் அதை மாட்டுவதே இல்லை, இடைஞ்சல் என்கிறார்கள். வட்டு எங்காவது சிக்கினால் மெஷின் திடீரென்று எகிறும். ஒற்றைக் கையில் பிடித்திருப்பவரால் அதை அடக்க முடியாது. அந்தப் பிடி இருப்பதே அதற்காகத்தான். எங்கள் கடையில் அந்தப் பிடியை மாட்டாமல் எந்த கிரைண்டரும் வெளியே போகாது. கழற்றி எறிய வேண்டும் என்றால் அவர் வீட்டில் போய் எறியட்டும்.

முதியவர் கை

சமையல் பாத்திரக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற வீட்டுச் சாமான் வியாபாரி, தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒருநாள் தம் மனைவி பெட்சி தோல் சீவப் படும் பாட்டைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கை மூட்டு வாதம். மெல்லிய இரும்புப் பிடி கையை அறுத்தது. பருத்த, மெத்தென்ற ரப்பர் போன்ற பிடி போட்ட சமையலறைக் கருவிகளை நியூயார்க்கில் உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்தைக் கொண்டு செய்வித்து, 1990-இல் 'ஆக்ஸோ குட் கிரிப்ஸ்' என்ற பெயரில் 15 சாமான்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சாதாரண தோல்சீவியைவிட விலை அதிகம். வாதம் இல்லாதவர்களும் வாங்கினார்கள், பிடிக்கச் சுகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நம் ஊரில் அரிவாள்மணையில் காய் நறுக்கிப் பழகிய பெரியவர்கள் இப்போது உட்கார முடியாமல் கத்திக்கும் தோல்சீவிக்கும் மாறி வருகிறார்கள். அவர்களுக்குப் பருத்த பிடி உள்ளதை எடுத்துக் காட்டுகிறோமா? தோட்டக் கத்தரியிலும் இதே விஷயம்தான். இரண்டு கைப்பிடி உள்ள கருவி மூடியிருக்கும்போது இடைவெளி 2 அங்குலத்துக்குக் குறையாமலும், விரித்தால் மூன்றரை அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு சொல்கிறது. தானாக விரியும் ஸ்பிரிங் இருந்தால் வயதானவர் கைக்குப் பாதி வேலை மிச்சம்.

கிடங்கில் வைக்கும் முறை

கடைசியாகச் சரக்குப் பாதுகாப்பு. மரக்காம்பைத் தரையோடு போடக் கூடாது, சுவரில் சாய்த்து நிறுத்தவும் கூடாது, வளைந்துவிடும். பரணில் குறுக்குக் கட்டை கொடுத்து, காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ரப்பர் உறைகளை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டால் இரண்டு கோடையில் விறைத்து வெடிக்கும். மெத்தென்ற பாலியூரித்தேன் கிரிப்புகளுக்கு வெயிலோடு ஈரக் காற்றும் பகை. சில வருடம் கிடந்தால் தானே பிசுபிசுத்து விரலில் ஒட்டும். ஆகவே ஓவர்கிரிப்பையும் கிரிப் உள்ள கருவிகளையும் வந்த மாதத்தைப் பெட்டியில் எழுதி, பழையதை முன்னால் வைத்து விற்க வேண்டும். தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும் ஒரு வருட விற்பனைக்கு மேல் வாங்காதீர்கள்.

காம்பு விஷயத்தில் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். இப்போது கருவேலங்காம்பைத் தை மாதமே வாங்கி, பரணில் ஏற்றி, நான்கு மாதம் கழித்துத்தான் கீழே இறக்குகிறோம். பணம் முடங்குகிறது என்று வீட்டில் சண்டை. எங்கள் மூத்தவர் மட்டும் எதுவும் சொல்வதில்லை. அந்த மேஸ்திரி இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஆனால் சம்மட்டி வாங்க வந்தால் நாங்கள் எடுத்துக் கொடுப்பதை ஏற்பதில்லை. ஏணியில் தானே ஏறி, பத்துப் பதினைந்து காம்பைப் புரட்டி, ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, ஆப்பையும் தானே அடித்துக்கொண்டுதான் போகிறார். நாங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்கிறோம்.